பாழிடமும் பயிலிடமும்

நுழையும்முன்

பொதுவுக்கு உரிய இடம் என்பதாலேயே ஓரிடம் எல்லாராலும் காக்கப்பட்டுவிடுவதில்லை. பல நேரங்களில் அது எவராலும் காக்கப்படாமல் போகிறது. இளைஞர்கள் கூடிப் பயின்ற முகாம்கள் கூரை சரிந்தும் புதர் மண்டியும் கிடப்பது பல நாடுகளிலும் காணப்படும் காட்சி. அத்தகைய இடங்களை மீட்பது எது? பணமா, அரசா, தன்னார்வலர்களின் உழைப்பா? மீட்கப்பட்ட இடம் மீண்டும் பாழாகாமல் நிலைப்பது எவ்வாறு? சாரணர் இயக்க வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு முகாம்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு முகாம் ஒரே நாளில் பாழாவதில்லை. முதலில் ஓர் ஓடு நகர்கிறது. அவ்விடைவெளியில் மழைநீர் இறங்குகிறது, மரச்சட்டம் ஊறுகிறது, கறையான் ஏறுகிறது. வாய்க்காலில் சருகு அடைகிறது. தேங்கிய நீர் பாதையை அரிக்கிறது. பாதை கெட்டதும் வருவோர் குறைகின்றனர். வருவோர் குறைந்ததும் பராமரிப்பு நின்றுவிடுகிறது. ஓடு நகர்ந்த அன்றே ஒருவர் ஏணி வைத்து ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, சில ஆண்டுகளில் எவர் கையிருப்புக்கும் அடங்காத பெருஞ்செலவாக வளர்ந்துவிடுகிறது.

புதிதாகக் கட்டுவதற்குக் கிடைக்கும் பணமும் புகழும் பராமரிப்பதற்குக் கிடைப்பதில்லை. திறந்துவைத்தவர் பெயரைச் சுமந்து கல்வெட்டு நிற்கிறது. ஓடு மாற்றியவருக்கும் வாய்க்கால் தூர் எடுத்தவருக்கும் கல்வெட்டு இல்லை. பொது இடங்கள் அழிவதற்குப் பகைமையைக் காட்டிலும் இந்த மனப்பான்மையே பெரிய காரணம் எனலாம். ஆகவே, பாழடைந்த இடத்தை மீட்பது என்பது கட்டடத்தைச் செப்பனிடும் வேலை மட்டும் அன்று; ஓரிடத்தின்மீது அற்றுப்போன பொறுப்புணர்வை மீண்டும் உண்டாக்கும் வேலையுமாகும். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டடத்தைச் சீராக்கலாம். பொறுப்புணர்வை அவ்வாறு உண்டாக்க இயலாது. தன்னார்வ உழைப்பின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

இடம் தேடிய இளைஞர்கள்

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது. அந்நாளில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி, தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வறிய பகுதியாக இருந்தது. அங்கே சாரணர் குழுக்கள் இருந்தன. ஆனால், அச்சிறுவர்கள் கூடாரம் அடித்துத் தங்கவும் மரம், பறவை, விண்மீன் ஆகியவற்றை அறியவும் தக்க வெளியிடம் இல்லை. காட்டைப் பற்றிய பாடத்தைக் கட்டடங்களின் நடுவே கற்க வேண்டிய நிலை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சாரண ஆணையரான வில்லியம் டி பாய்ஸ் மெக்லாரன் இக்குறையைக் கண்டு வருந்தினார். இடம் வாங்குவதற்கு 7,000 பவுன் தருவதாக அவர் உறுதியளித்தார். அப்பணியை முன்னின்று நடத்தும் பொறுப்பு, கிழக்கு இலண்டன் சாரணர்களை நன்கறிந்த பெர்சி நெவில் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பணம் கிடைத்தது; இடம் கிடைக்கவில்லை. ரோவர் எனப்படும் மூத்த சாரணர்கள் நகருக்கு அண்மையிலிருந்த எப்பிங் காட்டையும் ஹைனால்ட் காட்டையும் சுற்றித் தேடினர். தக்க இடம் அமையவில்லை. அந்நிலையில் ஜான் கேஃபர் என்னும் இளம் உதவிச் சாரண ஆசிரியர், தாம் பறவைகளைக் காணச் செல்லும் இடம் ஒன்றைப் பற்றிக் கூறினார். எப்பிங் காட்டின் ஓரத்தில் இருந்த கில்வெல் என்னும் பண்ணைவளாகமே அது. 53 ஏக்கர் பரப்புடைய அவ்வளாகம் விலைக்கு வந்திருந்தது. அதற்குக் கேட்கப்பட்ட விலையும் 7,000 பவுனே.

கொடையாளர் பணம் தந்தார். பொறுப்பாளர் தேடலை ஒழுங்கு செய்தார். இடத்தைச் சுட்டிக்காட்டியவரோ, விடுமுறையில் பறவைகளைப் பார்க்கச் சென்ற ஓர் இளைஞர். கைவிடப்பட்ட இடங்களை அலுவலகக் கோப்புகள் அறிவதைவிட அங்கே நடந்து திரிபவர்கள் நன்றாக அறிவர். எங்கே நிழல் உண்டு, எங்கே மழைநீர் தேங்கும், எந்தக் கிணற்றில் கோடையிலும் நீர் இருக்கும் என்பன போன்ற அறிவு ஏட்டில் இருப்பதில்லை. மீட்புப் பணியில் உள்ளூர் மக்களையும் இளைஞர்களையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

கொட்டகையில் தங்கிய தொண்டர்கள்

கில்வெல் வளாகம் 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாரணர் சங்கத்திற்காக வாங்கப்பட்டது. அப்போது அது முகாம் நடத்தும் நிலையில் இல்லை. பல ஆண்டுகள் பராமரிப்பு இன்றிக் கிடந்ததால் கட்டடங்கள் சிதைந்திருந்தன, தோட்டம் காடாகியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நெவில் தம் ரோவர் சாரணர்களை அழைத்துக்கொண்டு சீரமைப்புப் பணிக்காக அங்கே சென்றார். நிலம் முழுவதும் ஈரம். கூடாரம் அடிக்க இயலவில்லை. ஆகவே, பழத்தோட்டத்தில் இருந்த தோட்டக்காரரின் கொட்டகையில் அவர்கள் இரவைக் கழித்தனர். அக்கொட்டகைக்கு அவர்கள் நகைச்சுவையாக வைத்த பெயர் ‘பன்றிக் கொட்டில்’. பெயர் நிலைத்துவிட்டது, கொட்டகையும் பாதுகாக்கப்பட்டது.

போர் முடிவைக் கொண்டாடும் அமைதி விழாவில் சாரணர்கள் பங்கேற்பதற்காக, ஜூலை 19இல் நடத்தத் திட்டமிட்டிருந்த திறப்பு விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்து 26ஆம் நாள் நடத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் சாரண ஆசிரியர்களுக்கான ‘உட் பேட்ஜ்’ என்னும் பயிற்சி அங்கே முதன்முறையாக நடைபெற்றது. இன்று உலகின் பல நாடுகளில் வழங்கப்படும் அப்பயிற்சியின் பிறப்பிடம், ஐந்து மாதங்களுக்கு முன்வரை தங்குவதற்குத் தகுதியற்றிருந்த பாழிடம்.

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மெக்லாரன் பணம் கொடுத்ததோடு விலகி நிற்கவில்லை. அவர் அடிக்கடி கில்வெல்லுக்கு வந்து கட்டடங்களைச் செப்பனிடும் பணியில் தாமும் பங்கேற்றார். அவர் குடிக்குரிய கட்டமிட்ட துணியின் ஒரு துண்டு, உட் பேட்ஜ் பயிற்சி பெற்றோர் அணியும் கழுத்துத் துணியில் இன்றும் தைக்கப்படுகிறது. கொடை அளிப்பவர் ஒரு பக்கம், உழைப்பவர் மறுபக்கம் என்று பிரிந்து நிற்கும் பணியில், கொடுத்தவருக்கு இடத்தின் தேவை தெரியாது. உழைத்தவருக்கு இடத்தின்மீது உரிமை தோன்றாது. இருவரும் ஒரே ஏணியைப் பிடிக்கும்போது அவ்விடைவெளி மறைகிறது.

கிழக்கு இலண்டனிலிருந்து வந்த ரோவர்களுக்குச் சொந்தமாக நிலம் ஏதும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும், ஒரு பாதையைத் தம் கையால் அமைத்தவர் அப்பாதையில் குப்பை போடமாட்டார். பிறர் போட்டாலும் பொறுக்கமாட்டார். பத்திரத்தில் பதியப்படும் உரிமை ஒன்று. உழைப்பால் மனத்தில் பதியும் உரிமை மற்றொன்று. பொது இடத்தைக் காப்பது இரண்டாவது உரிமையே.

குண்டு விழுந்த குழி

மீட்பு ஒருமுறை நடந்து முடிந்துவிடும் நிகழ்ச்சி அன்று. பணப் பற்றாக்குறையால் 1930களில் கில்வெல்லில் பெரிய மேம்பாடுகள் நடைபெறவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது 1940 முதல் 1945 வரை அவ்வளாகத்தை அரசு போர்ப்பணிக்காக எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் செர்மானிய வானூர்தி ஒன்று வீசிய குண்டு அங்கே பெருங்குழி ஒன்றை உண்டாக்கியது.

போர் முடிந்து திரும்பியவர்கள் அக்குழியை மண்ணிட்டு மூடவில்லை. அது மேலும் பெரிதாக்கப்பட்டு நீர்நிலை ஆயிற்று. மாணவர்கள் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து மிதவை செய்யவும் சிறுபடகு செலுத்தவும் கற்கும் இடமாக அது மாறியது. ‘குண்டுக்குழி’ என்னும் பழைய பெயரே இன்றும் வழங்குகிறது. நேர்ந்த கேட்டை மறைக்காமலும் அதை எண்ணிப் புலம்பிக்கொண்டிராமலும் பயன்படுத்திக்கொண்ட அறிவு அதில் வெளிப்படுகிறது.

பழைய நிலையை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுதான் மீட்பு என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து முழுமையானதன்று. இடம் பாழாகக் கிடந்த காலத்திலும் அங்கே ஏதோ நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். மரம் வளர்ந்திருக்கும், நீர் புதிய போக்கைக் கண்டிருக்கும், பறவை கூடு கட்டியிருக்கும். இவற்றுள் எதை நீக்குவது, எதை ஏற்பது என்று முடிவு செய்வதே மீட்புப் பணியின் கடினமான பகுதி. இதனை இன்னும் தெளிவாகக் காட்டும் இடம் பிரௌன்சீ தீவு.

கதவடைத்த தீவு

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தின் நீர்ப்பரப்பில் அமைந்த சிறு தீவு பிரௌன்சீ. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச்சென்று அங்கே ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவர்களும் உழைக்கும் குடும்பங்களின் சிறுவர்களும் ஒரே கூடாரத்தில் தங்கினர். வகுப்பு வேறுபாடு மிகுந்திருந்த அக்கால இங்கிலாந்தில் அது புதுமையான முயற்சி. சாரணர் இயக்கம் அம்முகாமையே தன் தொடக்கமாகக் கொள்கிறது.

இருபது ஆண்டுகளுக்குப்பின், 1927இல், மேரி போன்ஹாம் கிறிஸ்டி என்னும் பெண்மணி அத்தீவை விலைக்கு வாங்கினார். அவர் தனிமையை விரும்பியவர், வேட்டையை வெறுத்தவர். 1934இல் பெருந்தீ ஒன்று தீவின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் அவர் வெளியார் எவரையும் தீவுக்குள் அனுமதிக்கவில்லை. 1961இல் அவர் இறக்கும்வரை தீவு பூட்டிய வீடாகவே இருந்தது. அழகுக்காக முற்காலத்தில் கொண்டுவந்து நடப்பட்ட ரோடோடென்ட்ரான் என்னும் அயல்நாட்டுப் புதர்ச்செடி காடெங்கும் பரவியது. பாதைகள் மறைந்தன. முதல் முகாம் நடந்த இடமும் புதர்களிடையே கிடந்தது.

அவர் மறைவுக்குப்பின் தீவு விலைபோகும் என்றும் மாளிகைகள் எழும் என்றும் அச்சம் எழுந்தது. அதைத் தடுக்க அப்பகுதியின் இயற்கை ஆர்வலர்கள் முயன்றனர். பாரம்பரிய இடங்களைக் காக்கும் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அமைப்பு தீவை ஏற்க முன்வந்தது. ஆனால், பராமரிப்புக்காக 1,00,000 பவுன் நிதி திரட்டித் தரப்பட வேண்டும் என்றது. சாரண, சாரணியர் அமைப்புகளும் நிதி திரட்டும் முயற்சியில் பங்கேற்றன. தன்னார்வலர்கள் புதர்களை வெட்டிப் பாதைகளைத் திறந்தனர். தீ பரவாமல் தடுக்கும் இடைவெளிகளை அமைத்தனர். 1963இல் தீவு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் முகாம் நடந்த இடத்தை அடுத்து 50 ஏக்கர் நிலம் சாரண, சாரணியர் முகாமுக்கென ஒதுக்கப்பட்டது.

நேஷனல் டிரஸ்ட் தீவை ஏற்கும்போதே பராமரிப்பு நிதியைக் கேட்டது கருதத்தக்கது. நிலம் கிடைத்தால் போதும், பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவ்வமைப்பு எண்ணவில்லை. ஓர் இடத்தை ஏற்பது எளிது. அதன் நாளைய செலவை ஏற்பதே கடினம். புதிதாக எதையும் தொடங்குவோர் பின்பற்றத்தக்க முறை இது.

பூட்டியிருந்த காலமும் தந்த கொடை

பிரௌன்சீ தீவின் கதையைப் பொறுப்பற்ற உரிமையாளர் ஒருவரின் கதையாக மட்டும் கூறிவிட இயலாது. மனித நடமாட்டம் இல்லாத அப்பல்லாண்டுகளில் தீவு உயிரினங்களின் புகலிடமாக விளங்கியது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அற்றுப்போன சிவப்பு அணில், அத்தீவில் இன்றும் வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரை எழுப்பி, நீரை வெளியேற்றி மேய்ச்சல் நிலமாக்கிய கடலோரப் பகுதி ஒன்று, பராமரிப்பு நின்றதும் மீண்டும் நீர் நிறைந்து உப்பங்கழி ஆயிற்று. மனிதக் கணக்கில் அது கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலம். நீர்ப்பறவைகளின் கணக்கிலோ அது கிடைத்தற்கரிய உணவிடம்.

அக்கழியை வற்றச்செய்து பழைய மேய்ச்சல் நிலத்தை ‘மீட்டிருந்தால்’, ஒரு பாழை நீக்கும் பெயரால் மற்றொரு பாழை உண்டாக்கியிருப்பர். அவ்வாறு செய்யவில்லை. தீவின் வடபகுதி இயற்கைக் காப்பிடமாக விடப்பட்டது. இளைஞர் முகாமுக்குத் தென்பகுதியில் இடம் தரப்பட்டது. பரவிய புதர்ச்செடி அகற்றப்பட்டது. பெருகிய நீர் ஏற்கப்பட்டது. இரண்டுமே புறக்கணிப்பின் விளைவுகள்தாம். ஒன்று பிற உயிர்களை நெருக்கி அழித்தது. மற்றொன்று பிற உயிர்களுக்கு இடம் தந்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் அரிவாளை எடுப்பவரின் நல்லெண்ணம் தீங்காகவே முடியும்.

புதர்ச்செடியை அகற்றிய பணி மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. ரோடோடென்ட்ரானை வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். தமிழ்நாட்டு மாணவர்கள் சீமைக் கருவேல மரத்தில் இதைக் கண்டிருப்பர். ஒரு நாள் நூறு பேர் கூடி வெட்டிவிட்டுச் சென்றால், அடுத்த மழைக்குப்பின் முன்னிலும் அடர்ந்த புதர் நிற்கும். நூறு பேர் ஒரு நாள் வருவதைவிடப் பத்துப் பேர் பத்து முறை வருவதே பயன் தரும். பிரௌன்சீயில் அச்செடியை ஒழிக்கும் வேலை ஓரிரு ஆண்டுகளில் முடியவில்லை. பல பத்தாண்டுகள் நீடித்தது. தொடங்கியவர் முடிக்கவில்லை, முடித்தவர் தொடங்கவில்லை. இருப்பினும் பணி அறுபடவில்லை.

மூன்று மறுப்புகள்

தன்னார்வ உழைப்பைப் பற்றி எழுப்பப்படும் மறுப்புகளும் உள்ளன. அவற்றைப் புறந்தள்ளுவது முறையன்று.

பயிற்சியற்றவர் நூறு பேர் செய்வதைப் பயிற்சி பெற்ற கொத்தனாரும் தச்சரும் விரைவாகவும் செம்மையாகவும் செய்துவிடுவர் என்பது முதல் மறுப்பு. இது பெரும்பாலும் உண்மை. கூரைமேல் ஏறும் வேலையும் மின்சார இணைப்பும் சுவர் வலிமை காணும் பணியும் வல்லுநர்க்கே உரியவை. மாணவர்களை அவற்றில் ஈடுபடுத்துவது பொறுப்பற்ற செயல். புதர் வெட்டும் இடத்திலும் மூடிய காலணி, கையுறை, முதலுதவிப்பெட்டி, மூத்தோர் மேற்பார்வை ஆகியன இன்றிப் பணி தொடங்கலாகாது. ஆனால், வாய்க்காலைத் தூய்மை செய்தல், பாதைக்குக் கல் பாவுதல், மரங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்தல், கன்றுகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற பணிகள் மாணவர் கைக்கு எட்டுவன. கொத்தனாரின் அருகே நின்று சாந்து கலக்கும் மாணவர், சுவர் எழும் முறையையும் உழைப்பின் மதிப்பையும் ஒருங்கே கற்கிறார். வல்லுநரும் தன்னார்வலரும் போட்டியாளர் அல்லர்.

அரசும் உரிமை நிறுவனங்களும் செய்யவேண்டிய கடமையை மக்கள் தலையில் சுமத்துவதற்குத் தன்னார்வம் ஒரு போர்வையாகிறது என்பது இரண்டாம் மறுப்பு. இது மூன்றனுள் வலிமையானது. கழிப்பறை கட்டவும் குடிநீர் வழங்கவும் நிதி ஒதுக்காமல், மாணவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது தொண்டு ஆகாது. ஆயினும், இம்மறுப்பிலிருந்து பெறத்தக்க முடிவு தன்னார்வத்தைக் கைவிடுதல் அன்று, கடமையை வரையறுத்தல். நிதியும் பாதுகாப்பும் நிலைத்த பணியாளரும் நிறுவனத்தின் பொறுப்பு. அவற்றோடு சேரும்போதுதான் தன்னார்வ உழைப்பு பயன்படும். மேலும், ஓர் இடத்தில் உழைத்தவர்களே அவ்விடத்தின் தேவைகளை எடுத்துரைக்க வல்லவர்கள். எத்தனை ஓடுகள் உடைந்துள்ளன என்று எண்ணியவர் எழுதும் விண்ணப்பத்தை மறுப்பது எளிதன்று. உழைப்பு கேள்வி கேட்கும் உரிமையைக் குறைப்பதில்லை; அதற்கு வலிமை சேர்க்கிறது.

மாணவர்களின் படிப்பு நேரம் வீணாகிறது என்பது மூன்றாம் மறுப்பு. தேர்வை எதிர்நோக்கும் பருவத்தில் பெற்றோர் இவ்வாறு கவலைப்படுவது இயல்பே. முகாம்பணிக்கு அளவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நிலத்தின் சரிவைக் கயிறும் நீர்மட்டக் குழாயும் கொண்டு அளந்து வாய்க்கால் வெட்டுவது இயற்பியலுக்குப் புறம்பானதன்று; அயல் தாவரம் பரவும் முறையைக் காண்பது உயிரியலுக்குப் புறம்பானதன்று. செலவைப் பதிவு செய்வது கணக்குப்பதிவியல். பணியைப் பங்கிடுவதும் கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பதும் குடிமையியல். படித்தது கைக்கு வரும் இடம் வகுப்பறைக்கு வெளியே இருந்தாலும் அது கல்வியே.

சென்னையில் ஒரு தொடக்கம்

சாரணர் இயக்கத்தின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1909இல் இவ்வியக்கம் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. இந்நிலையில், 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் ஜார்ஜ் அருண்டேல் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். கதவு திறக்கும்வரை காத்திராமல் தனியே ஓர் இல்லம் எழுப்பிய செயல் அது. பேடன் பவல் 1921இல் இந்தியா வந்தபின் அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது. விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் நாட்டின் சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

கைவிடப்பட்ட முகாம்களை எண்ணும்போது இவ்வரலாற்றையும் எண்ணவேண்டும். முகாம் என்பது யாருக்கு என்ற வினா தொடக்கம் முதலே இருந்துவந்துள்ளது. கிழக்கு இலண்டனின் வறிய சிறுவர்களுக்கு இடம் இல்லாமையே கில்வெல்லின் தோற்றத்துக்குக் காரணம். இந்தியச் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டமையே சென்னைச் சங்கத்தின் தோற்றத்துக்குக் காரணம். வசதி உள்ளவர் விடுமுறைக்கு வேறிடம் தேடிக்கொள்வர். பொது முகாம் ஒன்று பாழாகும்போது இழப்பு நேர்வது, அதைத் தவிர வேறு வெளியிடம் இல்லாத பிள்ளைகளுக்கே. பொது இடத்தை மீட்பது சமத்துவத்துக்கான பணியாவது இதனால்தான்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் சாரணர் இயக்கத்தோடு நாட்டு நலப்பணித் திட்டமும் செயல்படுகிறது. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டளவில் தொடங்கப்பட்ட திட்டம் அது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாம் பல மாணவர்களின் வாழ்வில் மறவாத நிகழ்வு. ஆனால், எட்டாம் நாள் அவ்விடத்தைப் பார்ப்பவர் யார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. நட்ட கன்றுக்கு நீர் ஊற்ற ஆளில்லை எனில், முகாமின் பயன் அறிக்கையில் மட்டுமே எஞ்சும். ஆண்டுதோறும் புதிய ஊரைத் தேடிச்செல்வதைவிட, ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று அதைத் தன் பொறுப்பாகக் கொள்ளும் பள்ளி நிலைத்த மாற்றத்தைக் காணும். மேல் வகுப்பு மாணவர் பணிக் குறிப்பேட்டைக் கீழ் வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்துச் செல்லலாம். எந்த மடை அடைக்கிறது, எந்த மரத்தில் கூடு உள்ளது, எந்தக் கதவின் கீல் தளர்ந்துள்ளது என்று அக்குறிப்பேடு கூறவேண்டும்.

நிறைவாக

பாழடைந்த முகாமை மீட்பதற்குப் பணம் வேண்டும். வல்லுநர் அறிவு வேண்டும். அரசின் துணை வேண்டும். இவை மூன்றும் இருந்தும் சிதைந்த இடங்கள் உண்டு. அங்கே இல்லாமற்போனவர், அவ்விடத்தைத் தம்முடையது எனக் கருதி மறுவாரமும் வந்தவர். கில்வெல்லின் ஈர நிலத்தில் கொட்டகையில் தங்கியவர்கள் அத்தகையோர். பிரௌன்சீயில் துளிர்த்த அடிக்கட்டையை மறுமுறையும் வெட்டச் சென்றவர்கள் அத்தகையோர். முதல் நாள் திரளும் கூட்டத்தை வைத்து அன்று, ஆர்ப்பாட்டம் அடங்கிய பின்னரும் ஏணியை எடுத்துவைத்து நகர்ந்த ஓட்டைச் சரிசெய்யும் ஒருவர் இருக்கிறாரா என்பதை வைத்தே ஒரு மீட்புப் பணியின் வெற்றியை அளக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பராமரிப்பின்றிக் கிடக்கும் பொது இடம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்கே நீக்க வேண்டியவை, காக்க வேண்டியவை என இரண்டு பட்டியல்கள் உருவாக்குக.

2. ‘பொது இடங்களைச் சீரமைப்பது அரசின் கடமையா, மக்களின் கடமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளியின் சாரணர் இயக்கம் அல்லது நாட்டு நலப்பணித் திட்டம் சென்ற ஆண்டு பணியாற்றிய இடத்தின் இன்றைய நிலையை நேரில் கண்டு, அங்கே தொடர வேண்டிய பணிகள் குறித்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.